இஸ்ரேலில் புது வேலை, கூடவே குடும்பம்: யார் முதலில் கிளம்புவது?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான். ஹைஃபாவில் ஒரு சிப் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, செப்டம்பர் 1-ஆம் தேதி சேரச் சொல்கிறார்கள். மனைவி சென்னையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் இருக்கிறார். மகளுக்கு அக்டோபரில் ஆறு வயது முடிகிறது, மகனுக்கு இரண்டு. சம்பளம் போதுமா, பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும், அங்கே இருக்கப் பயமில்லையா என்று மூன்று கேள்விகளாகக் கேட்டிருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: "நான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்து அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், மனைவிக்கு அதில் இஷ்டமில்லை." உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மற்ற மூன்றும் அதற்குப் பக்கவாத்தியம்.

நான் இங்கே வேலைக்கு வந்தவள் இல்லை, வேலைக்கு வந்தவரோடு வந்தவள். கொஞ்ச காலம் வீட்டில் இருந்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் பணியாளர் குடும்பங்களைக் குடியமர்த்தும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். பல வருடமாக அதுதான் பிழைப்பு. வீடு, பள்ளி, வங்கி, விசா வரிசை எல்லாம் எனக்கு அத்துப்படி. வரிச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் வேலைக்குத் தேவையான அளவுதான் தெரியும். கையெழுத்துப் போடும் இடங்களில் கணக்காளரையும் வழக்கறிஞரையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: நான் சொல்வதெல்லாம் நிபுணர் என்ற பிரிவில் பி-1 என்ற வேலை விசா வாங்கி வருபவர்களுக்கு. முதியோர் பராமரிப்பு, கட்டட வேலை, பண்ணை வேலைக்கு வருபவர்களுக்கு விதி வேறு. அவர்கள் மனைவி மக்களைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் அந்த வேலைகளுக்கு நிறையப் பேர் வருகிறார்கள். அப்படி வருகிற யாராவது இதைப் படித்தால், இதை நம்பித் திட்டம் போட்டுவிட வேண்டாம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் முன்னால் வாருங்கள், ஆனால் ஆறு மாதம் அல்ல, மூன்று நான்கு வாரம் மட்டும். செப்டம்பர் 1 அன்று சேர்வதற்குப் பதில் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே சேர முடியுமா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். ஆகஸ்ட் இருபதுக்குள் வீடு பிடித்து, கடைசி வாரத்தில் குடும்பம் வந்து இறங்க வேண்டும். அது முடியாதென்றால், செப்டம்பர் நடுவில் அவர்களைக் கூட்டிவராதீர்கள். அக்டோபர் பாதிக்கு மேல் வரட்டும். நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் இந்த நாட்டில் புதிதாக வருபவருக்கு மிக மோசமான காலம்.

ஏன் என்றால் இஸ்ரேலில் அரசுப் பள்ளிகள் செப்டம்பர் 1-ஆம் தேதி திறக்கின்றன. திறந்து கொஞ்ச நாளிலேயே, பெரும்பாலும் செப்டம்பரில் ஆரம்பித்து அக்டோபர் வரை நீளுகிற பண்டிகைக் காலம் வந்துவிடும். ரோஷ் ஹஷானா என்கிற புத்தாண்டு, பத்து நாளில் யோம் கிப்பூர், அதற்கு ஐந்தாம் நாள் சுக்கோத். யூத நாட்காட்டி சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுவது, அதனால் தேதி வருடா வருடம் முன்னே பின்னே போகும். பள்ளி இருக்காது, நகராட்சியில் பதில் சொல்ல ஆள் இருக்காது, வீட்டுக்காரர் "பண்டிகை முடியட்டும்" என்பார், பழுது பார்ப்பவரும் அதையே சொல்வார். அந்த நேரத்தில் பாதி தங்கும் விடுதியிலும் பாதி காலி வீட்டிலுமாக இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் தனியாக இருப்பதை நினைத்துப் பாருங்கள். நீங்களோ புது வேலை, காலையில் போனால் இரவுதான். அந்த வாரங்களில் வந்த குடும்பங்கள் சில, விட்டுவிட்டு ஊருக்கே திரும்பியதும் உண்டு. வேலை பிடிக்காமல் திரும்பியவர்களை எண்ணினால் ஒரு கை விரலில் அடங்கிவிடும்.

பெரியவர்கள் சொல்லும் ஆறு மாதக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. வேலை நிலைக்குமா என்று தெரிந்துகொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் அது பெரிய இழப்பு. இங்கே அந்த ஆண்டு முடிவதற்குள் ஆறு வயது நிறையும் பிள்ளைகள் அந்த செப்டம்பரில் முதல் வகுப்பில் சேர்கிறார்கள். ஹீப்ருவில் பேசத் தெரிந்த பிள்ளைகளும் எழுத்தை முறையாகப் படிக்கத் தொடங்குவது அந்த வகுப்பில்தான். உங்கள் மகள் பேச்சில் பின்தங்கியிருப்பாள், எழுத்தில் அவ்வளவாகப் பின்தங்க மாட்டாள். முதல் வகுப்பில் உயிர்க்குறிகளோடு எழுதிப் படிக்கச் சொல்லித் தருவார்கள். மேல் வகுப்புகளுக்குப் போகப் போக அந்தக் குறிகள் மறைந்துவிடும். வெறும் மெய்யெழுத்துகளைப் பார்த்துச் சொல்லை ஊகிக்க வேண்டும். நான்காம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை படும் பாட்டோடு ஒப்பிட்டால், ஒன்றாம் வகுப்பில் முதல் நாளே உட்காரும் பிள்ளை கொடுத்துவைத்தது. பிப்ரவரியில் வந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பள்ளியைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. மூன்று வயது முதல் கட்டாய, இலவசக் கல்வி. நாட்டில் வசிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் அது பொருந்தும், பெற்றோரின் குடியுரிமை தடையில்லை. பதிவு செய்வது பள்ளியில் அல்ல, நகராட்சியின் கல்வித் துறையில். வழக்கமான பதிவு குளிர்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால் நீங்கள் தாமதப் பதிவாகத்தான் போவீர்கள். அதற்கு வாடகை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும், வீட்டு முகவரியை வைத்துத்தான் பள்ளி ஒதுக்குவார்கள். ஆகவே பள்ளி தேட வேண்டுமானால் முதலில் வீடு தேட வேண்டும். உங்களை ஆகஸ்டிலேயே வரச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஆங்கிலவழி சர்வதேசப் பள்ளிகள் உண்டு: எவென் யெஹூதாவில் அமெரிக்கப் பள்ளி, ஜெருசலேமில் ஆங்கிலிக்கன் பள்ளி, யாஃபாவில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தபீத்தா பள்ளி. மூன்றும் ஹைஃபாவிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் இல்லை. இரண்டு மூன்று வருட ஒப்பந்தம் என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கு அரசுப் பள்ளியே போதும் என்பது என் கருத்து. பதினான்கு வயதுப் பிள்ளையாக இருந்தால் இதையே சொல்ல மாட்டேன்.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் மனைவி படிக்கட்டும். காலை எட்டு மணிக்கு வகுப்பு. சீருடை என்று முழு உடுப்பு கிடையாது. பள்ளிச் சின்னம் அச்சிட்ட டி-ஷர்ட், எந்த நிறமும் இருக்கலாம், கீழே அரைக்கால் சட்டையோ ஜீன்ஸோ. காலில் செருப்பு. ஆசிரியையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சென்னைப் பிள்ளை 'மிஸ்' என்று எழுந்து நின்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். பத்து மணிச் சிற்றுண்டிக்கு ரொட்டியில் ஏதாவது தடவி, கூட ஒரு வெள்ளரிக்காய், ஒரு பழம். நிலக்கடலை கலந்த எதையும் அனுப்பக் கூடாது என்று பல வகுப்புகளில் ஒவ்வாமைக்காகத் தடை உண்டு, நம் வீட்டுக் கடலை மிட்டாயும் அதில் அடக்கம். ஒரு மணி வாக்கில் வகுப்பு முடிந்துவிடும், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே. அதற்குப் பிறகு நான்கு, ஐந்து மணி வரை வைத்துக்கொள்ள 'த்ஸஹரோன்' என்ற மாலைக் காப்பகம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். வகுப்பு வாட்ஸ்அப் குழு முழுக்க ஹீப்ருவில் ஓடும், அதுவும் குரல் பதிவாக. வகுப்பில் ஒரு அம்மாவிடம் தனியாகச் சொல்லிவைத்தால் முக்கியமானதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிவிடுவார். எந்த வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

மொழி வரும். பல பிள்ளைகள் முதல் சில மாதம் வகுப்பில் வாயே திறப்பதில்லை. வீட்டில் அதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்தை அதன் போக்கில் விடுங்கள், வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். எத்தனை மாதம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. டிசம்பர் வாக்கில் வரும் ஹனுக்கா விடுமுறைக்குள் பேசிய பிள்ளையும் உண்டு, அடுத்த கோடை வரை இழுத்த பிள்ளையும் உண்டு. மகன் கதை வேறு. மூன்று வயதுக்குக் கீழே இலவசம் கிடையாது. தனியார் காப்பகம் மாதம் 3,000 ஷெக்கலுக்கு மேல் ஆகும். சம்பளம் போதுமா என்ற கேள்விக்கான பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது.

இனி சம்பளம். நிபுணர் பிரிவில் வருபவருக்கு நாட்டின் சராசரிச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்காவது தர வேண்டும் என்பது விதி. இன்றைய நிலையில் அது மாதம் 25,000 ஷெக்கலைத் தாண்டும். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, தாளைக் கிழித்துப் போடுங்கள். சொல்லும் தொகை எப்போதும் பிடித்தத்துக்கு முன்னால் உள்ள தொகை. வருமான வரி 10 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி 47 வரை போகிறது. ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கு 6 சதவீதம் கழியும், நிறுவனம் 6.5 சதவீதமும், பணிமுடிவுத் தொகைக்கென்று குறைந்தது 6 சதவீதமும் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து அழைக்கப்பட்ட நிபுணருக்கு முதல் 12 மாதம் வீட்டு வாடகை, அன்றாடச் செலவுக்கு ஒரு வரிச் சலுகை உண்டு. அது எல்லோருக்கும் பொருந்தாது. யார் வேலைக்கு எடுக்கிறார், எப்படி எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுவனத்தின் கணக்காளரிடம், பிடித்தமெல்லாம் போக வங்கியில் என்ன விழும் என்று ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டு கேளுங்கள். கேட்டால் தருவார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புதிதாகக் குடியேறுபவர்களுக்குப் பத்து வருட வரிவிலக்கு என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்துக்கு, இங்கே வாங்கும் சம்பளத்துக்கு இல்லை.

சம்பளம் வருவது மாதக் கடைசியில் அல்ல, அடுத்த மாதம் 9-ஆம் தேதிக்குள். செப்டம்பர் 1 சேர்ந்தால் முதல் சம்பளம் அக்டோபர் ஒன்பது வாக்கில்தான். அதற்குள் முதல் மாத வாடகை, முன்பணம், தரகர் கூலி, குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, சலவை இயந்திரம் எல்லாம் கைக்காசு. இங்கே வாடகை வீடு என்றால் பெரும்பாலும் நாலு சுவர்தான், சில இடங்களில் விளக்கையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். நிறுவனத்திடம் குடிபெயர்வுத் தொகை கேட்பவர்கள் நிறையப் பேர், அதை முதல் வாரத்திலேயே கையில் தரச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. நீங்கள் கேளுங்கள்.

வீடு பார்க்கும்போது அறைக் கணக்கில் கூடத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். மூன்று அறை வீடு என்றால் இரண்டு படுக்கையறை. ஹைஃபா கார்மேல் மலைச்சரிவில் இருக்கிற ஊர். வரைபடத்தில் பக்கத்துத் தெரு என்று தெரியும். நேரில் போனால் நடுவே நூறு படிக்கட்டு இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையின் தள்ளுவண்டியோடு அந்தப் படிக்கட்டை மனதில் ஏறிப் பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்யுங்கள். உங்கள் அலுவலகம் மத்தாம் தொழில்நுட்பப் பூங்காவில் என்றால் அது ஊரின் தெற்கு வாசலில், கடலோரத்தில், ஹோஃப் ஹகார்மேல் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து தீராத் கார்மேல் பக்கம், சமதளமாகவும் இருக்கும். டெக்னியான் பல்கலைக்கழகத்தை ஒட்டிய நெவே ஷஅனான் பகுதியில் இந்திய ஆராய்ச்சி மாணவர் குடும்பங்கள் சில எப்போதும் இருக்கும். வடக்கே கிரயோத் எனப்படும் புறநகர்களில் வாடகை குறைவு, தரையும் சமம், ஆனால் காலை நெரிசலில் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். ஹதார் பழைய பகுதி, சந்தையெல்லாம் பக்கம், ஆனால் அங்குள்ள கட்டடங்கள் பலவற்றில் 'மமாத்' இருக்காது.

மமாத் என்பது வீட்டுக்குள்ளேயே கட்டிய பாதுகாப்பு அறை. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு வந்த விதிப்படி புதிய கட்டடங்களில் கட்டாயம். பார்த்தால் சாதாரணப் படுக்கையறை மாதிரிதான், குழந்தைகளை அங்கேதான் படுக்க வைப்பார்கள். சுவர் கெட்டிக் கான்கிரீட், கதவு கனத்த எஃகு, சன்னலுக்கு வெளியே இழுத்து மூடுகிற இரும்புத் தகடு. வீட்டைப் பார்க்கப் போகும்போது அந்தத் தகட்டை நீங்களே இழுத்து மூடிப் பாருங்கள், கதவின் கைப்பிடியை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். வருடக்கணக்கில் திறந்தே கிடந்து துருவேறியிருக்கும், வாடகைக்கு விடுபவருக்கே தெரியாது. அந்த அறையில் பழைய சாமான் அடைத்து வைத்திருந்தால், எடுத்துவிட்டுத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மமாத் இல்லாத பழைய வீடு மலிவாகக் கிடைக்கும். அதில் கட்டடத்தின் பொதுப் பதுங்கறைக்கு மாடிப்படி இறங்கி ஓட வேண்டும். சிறு குழந்தை உள்ளவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை, வாடகையில் எவ்வளவு மிச்சமானாலும்.

ஒப்பந்தம் ஹீப்ருவில் இருக்கும். வாடகைக்குப் பன்னிரண்டு பின்தேதியிட்ட காசோலை கேட்பார்கள், இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு ஜாமீன் நிற்க யார் இருக்கிறார்? நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தருமா என்று முன்பே கேட்டு வையுங்கள். 2017 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, வருட ஒப்பந்தத்துக்கு ரொக்கமாகவோ வங்கி உத்தரவாதமாகவோ மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் கூலி கொடுக்கத் தேவையில்லை. வாடகைக்கு மேல் 'அர்னோனா' என்ற நகராட்சி வரியும் கட்டடப் பராமரிப்புத் தொகையும் குடியிருப்பவர் தலையில்தான் விழும். மாற்றுக் குடித்தனக்காரரைக் கொண்டுவந்துவிட்டால் ஒப்பந்தம் முடியும் முன்பே வெளியேறலாம் என்ற ஒரு வரியைக் கண்டிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த நாட்டில் அந்த வரி தேவைப்படும்.

இப்போது உங்கள் மனைவி. நியாயமாக இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். உங்களோடு வருபவருக்குத் தரப்படும் பி-2 விசாவில் வேலை செய்ய முடியாது. உயர்தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு வரும் நிபுணர்களின் துணைவருக்கு வேலை அனுமதி வாங்க ஒரு வழிமுறை இருக்கிறது, ஆனால் அது தானாக வராது. நிறுவனமும் வழக்கறிஞரும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: குடும்பத்தின் விசா என் விசாவோடு சேர்த்தே விண்ணப்பிக்கப்படுமா, மனைவிக்கு வேலை அனுமதிக்கு முயல்வீர்களா, செலவு யாருடையது. சேர்ந்த பிறகு கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். சென்னை அலுவலக வேலையை இங்கிருந்தே மடிக்கணினியில் தொடரலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த நாட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை என்ற முறையில் விசாவுக்கும் வரிக்கும் அது எங்கே போய் நிற்கும் என்பதில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எழுத்தில் ஒரு வழக்கறிஞரின் கருத்து கைக்கு வரும் வரை தொடங்க வேண்டாம்.

வேலை இல்லையென்றால் அவர் நாள் எப்படிப் போகும்? ஏழே முக்காலுக்குக் கிளம்பி ஒரு பிள்ளையை விட்டுவிட்டு, சின்னதோடு ஒரு மணி வரை, பிறகு இரண்டோடும் இரவு வரை. ஆகவே மகனுக்குக் காப்பகச் செலவு வீணில்லை. அந்தக் காலை நேரம் அவருக்கு ஹீப்ரு வகுப்புக்கு வேண்டும். உல்பான் எனும் அந்த வகுப்பு குடியேறியவர்களுக்கு இலவசம், நாம் காசு கட்டிச் சேரலாம். மொழி கற்பதைவிட, வாரத்தில் சில நாள் குளித்துக் கிளம்பிப் போய் உட்கார ஒரு இடம் இருக்கிறதே, அது பெரிது. செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவின் இந்தியப் போர்வீரர் கல்லறையில், 1918-இல் இந்த ஊரைப் பிடித்த ஜோத்பூர், மைசூர் குதிரைப்படையினரை நினைவுகூர்வது வழக்கம். நம்மவர்களை முதன்முதலில் கூட்டமாகப் பார்க்க அது ஒரு சந்தர்ப்பம். வரலாற்றில் அக்கறை இல்லாவிட்டாலும் போய் வாருங்கள்.

மருத்துவத்தில் ஏமாந்துவிடாதீர்கள். இஸ்ரேலின் தேசிய மருத்துவக் காப்பீடு நாட்டின் நிரந்தரவாசிகளுக்கு மட்டும். உங்களுக்குத் தனியார் காப்பீடு எடுத்துத் தருவது நிறுவனத்தின் சட்டக் கடமை. மனைவி மக்களுக்கு எடுத்துத் தருவது அந்தக் கடமையில் அடங்காது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். காப்பீட்டுத் தாளில் மூன்று இடம் பாருங்கள்: ஏற்கெனவே உள்ள நோய், பேறுகாலம், பல். மூன்றும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். தடுப்பூசிக்கு மட்டும் கவலை வேண்டாம். 'திபாத் ஹலாவ்' என்ற தாய் சேய் நலநிலையங்களில் பிள்ளைகளுக்கு, எந்த விசாவாக இருந்தாலும், போடுவார்கள். ஊரில் போட்ட ஊசி அட்டையின் ஆங்கிலப் பிரதியைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் போட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கத்தரிக்காய், வெண்டை, கொத்தமல்லி, தயிர் எல்லாம் கிடைக்கும். வாடி நிஸ்னாஸ் அரபுக் கடைத்தெரு சனிக்கிழமையும் திறந்திருக்கும். துவரம்பருப்பு, புளி, உளுந்துக்கு இந்திய யூதர்கள் நடத்தும் கடைகள் ரம்லா, அஷ்தோத் பக்கம் உண்டு. மின்சாரம் நம் ஊர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால் கிரைண்டர் ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். சைவம் என்றால் பொட்டலத்தில் 'பார்வே' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். இறைச்சியும் பாலும் இல்லை என்றுதான் அதற்குப் பொருள், முட்டையும் மீனும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மூன்று மணிக்குக் கடைகள் மூடிவிட்டால் சனிக்கிழமை இருட்டும் வரை நாடு அடங்கிவிடும், ரயிலும் ஓடாது. ஹைஃபாவில் சில பேருந்துகள் ஓடும், அது இந்த ஊரின் பழைய வழக்கம்.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சில வரி. வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். கூட்டத்தில் உங்கள் வரைபடத்தைப் பார்த்து ஒருவர், "இது தப்பு, ஏன் இப்படிச் செய்தாய்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். பத்து நிமிடம் கழித்து அவரே காபி கொண்டுவந்து தருவார். கோபமில்லை, பேசும் பாணியே அதுதான். நம் ஆட்கள் அந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இங்கே பேசாமல் இருப்பவரிடம் சொல்ல ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். மறுத்துப் பேசுங்கள், மேலாளரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான். மாலை நான்கு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்புகிற தகப்பனை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. இரவு ஒன்பதுக்கு மேல் மறுபடி உட்கார்வார்கள். முதல் வாரத்திலேயே உங்கள் நாட்காட்டியில் வாரம் இரண்டு நாளாவது அந்த நான்கு மணியை அடைத்து வையுங்கள். அணியில் ஒருவர் இருவர் படை ரிசர்வ் பணிக்கு அழைக்கப்பட்டு வாரக்கணக்கில் காணாமல் போவார்கள், அவர்கள் வேலை உங்கள் மேசைக்கு வரும். 2023 அக்டோபருக்குப் பிறகு அது மிகவும் கூடிவிட்டது.

கடைசியாகப் பயம். நான் தைரியமும் சொல்ல மாட்டேன், பயமுறுத்தவும் மாட்டேன். நடந்தவற்றைச் சொல்கிறேன். 2023 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் இந்திய அரசு தன் குடிமக்களை இங்கிருந்து அழைத்துப் போக வேண்டி வந்தது, ஆபரேஷன் அஜய், ஆபரேஷன் சிந்து என்ற பெயர்களில். இரண்டாவது முறை விமான நிலையமே மூடிக்கிடந்தது. ஜோர்டான், எகிப்து எல்லை வழியாகத் தரைமார்க்கமாகப் போய் விமானம் ஏறினார்கள். அந்த ஜூனில் ஹைஃபாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஏவுகணையில் அடிபட்டு மூன்று பேர் இறந்தார்கள். அதே ஊரில் அதற்கு அடுத்த செப்டம்பரில் பள்ளிகளும் திறந்தன. அடுத்து எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். உங்கள் கையில் இருப்பவை சில: மமாத் உள்ள வீடு, ஏவுகணை எச்சரிக்கை தரும் வீட்டுமுன்னரண் கட்டளையகத்தின் (ஹோம் ஃப்ரண்ட் கமாண்ட்) செயலி கைப்பேசியில், வந்திறங்கியதும் டெல் அவிவ் இந்தியத் தூதரகத்தில் பதிவு, நால்வரின் கடவுச்சீட்டும் ஒரே பையில், நிலைமை மோசமானால் குடும்பத்தை அனுப்பிவைக்கும் செலவு நிறுவனத்துடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. இவ்வளவுக்குப் பிறகும் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை என்றால், வேலையை விட்டுக்கொடுப்பது பற்றி இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதை இங்கே வந்த பிறகு பேசினால் செலவும் கசப்பும் அதிகம். கடவுச்சீட்டில் இஸ்ரேல் விசா ஒட்டியிருப்பதால் பின்னாளில் குவைத், லெபனான், ஈரான் போன்ற நாடுகளுக்குப் போவதில் சிக்கல் வரலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

முடிவு போவது என்றால் இந்த வாரமே தொடங்க வேண்டியது திருமணச் சான்றிதழ், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காவல்துறைச் சான்று ஆகியவற்றுக்கு, அவை வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை. தமிழ்நாட்டில் முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம். தென்னிந்தியாவுக்கான இஸ்ரேல் துணைத் தூதரகம் பெங்களூரில் இருக்கிறது. கணவன் மனைவி பெயரின் முன்னெழுத்தும் தந்தை பெயரும் கடவுச்சீட்டில் ஒரு விதம், திருமணச் சான்றில் ஒரு விதம், குழந்தையின் பிறப்புச் சான்றில் மூன்றாவது விதம் என்று இருப்பது நம் வீடுகளில் சகஜம். இங்குள்ள அலுவலருக்கு முன்னெழுத்து வழக்கம் புரியாது, மூன்று பெயரும் மூன்று ஆள் என்றே எடுத்துக்கொள்வார். மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதைச் சரிசெய்யும் வேலை விசாவைவிட அதிக நாள் இழுக்கும்.